நகரசபையிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

இனத்துவேசம் பற்றி நகரசபையை எப்படிப் பேசவைப்பது, பேசிய பிறகு எப்படிச் செய்யவைப்பது என்று கேட்டு ரொறன்ரோ பெரும்பாகத்திலிருந்து பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, ஒன்ராறியோச் சட்டங்களின்படி பதில் தந்திருக்கிறோம். வேறு மாகாணங்களில் இருப்பவர்கள் தங்கள் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்குப் பின்னாலுள்ள பூங்காவில், பிள்ளைகளின் சறுக்குமரத்தில், தெற்காசியர்களைத் திட்டி ஸ்பிரே பெயின்ரால் எழுதியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் உடனே துடைத்துவிட்டார். எங்கள் வட்டார உறுப்பினர் முகநூலில் இரண்டு வரி கண்டனம் எழுதினார். அதோடு சரி. நாங்கள் வேறென்ன செய்திருக்க வேண்டும்? – வாசகி, ஏஜக்ஸ்

பிள்ளைகள் கண்ணில் படக்கூடாதென்று துடைத்தவரைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் இனி இப்படி நடந்தால், துடைப்பதற்கு முன் இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் தள்ளி நின்று, பூங்கா எதுவென்று தெரியும்படி ஒரு படம். கிட்டப் போய் எழுத்து முழுவதும் தெரிய ஒன்று. எழுத்துக்குப் பக்கத்தில் கையையோ தண்ணீர்ப் போத்தலையோ வைத்து, அளவு தெரிய இன்னொன்று. பூங்காவின் பெயர்ப்பலகையையும் எடுங்கள். தொலைபேசியிலிருந்து அசல் படங்களை அழிக்காதீர்கள். வட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த நேரமும் அதிலிருந்து போய்விடும்.

அடுத்தது பொலிஸ். ஆபத்து எதுவும் இல்லையென்றால் 911 வேண்டாம், சாதாரண இலக்கத்துக்கே அழைக்கலாம். பேசும்போது ஒரு வாக்கியத்தைத் தவறாமல் சொல்லுங்கள்: “இது இனவெறுப்பால் செய்யப்பட்டது என்று நினைக்கிறேன், அப்படியே பதியுங்கள்.” நீங்கள் அதைச் சொல்லாவிட்டால், பொதுச் சொத்துக்குச் சேதம் என்ற அளவில் பதிந்துவிட்டுப் போகக்கூடும். ஆண்டு முடிவில் வெறுப்புக் குற்றங்களை எண்ணும்போது உங்கள் சறுக்குமரம் அந்தக் கணக்கில் இருக்காது. பிறகு நகரசபையில் ஓர் அதிகாரி எழுந்து “எங்கள் பகுதியில் அப்படியான முறைப்பாடுகள் அநேகமாக இல்லை” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் இருக்கும் தாள் அப்படித்தான் சொல்கிறது.

கோவில், பள்ளிவாசல், பாடசாலை, சமூக நிலையம் போன்ற இடங்களில் இது நடந்தால் சட்டம் இன்னும் கடுமையானது. குற்றவியல் சட்டக்கோவையின் 430ஆம் பிரிவில் அதற்கென்றே ஓர் உட்பிரிவு உண்டு. அதன் கீழ் 10 ஆண்டுவரை சிறை விதிக்கலாம். மற்ற இடங்களிலும், வெறுப்பே காரணம் என்று நிறுவப்பட்டால், தண்டனை விதிக்கும்போது 718.2ஆம் பிரிவின்படி நீதிபதி அதைக் குற்றத்தின் கடுமையைக் கூட்டும் காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பூங்காவின் சொந்தக்காரரான நகரசபை. அதன் சேவை இலக்கத்துக்கு, ரொறன்ரோவில் என்றால் 311க்கு, அழைத்துச் சொல்லுங்கள். பொலிஸ் தரும் சம்பவ இலக்கம் ஒன்று, நகரசபை தரும் சேவைக் கோரிக்கை இலக்கம் ஒன்று: இந்த இரண்டும் கையில் இல்லாமல் தொலைபேசியை வைக்காதீர்கள். கீழே வரும் எல்லாப் பதில்களுக்கும் அந்த இலக்கங்களே அத்திவாரம்.

உங்கள் விடயத்திலும் காலம் கடந்துவிடவில்லை. எழுத்தைக் கண்டவர்கள் ஒவ்வொருவரும் நாள், நேரம், கண்ட சொற்கள் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். பொலிஸில் பிந்தியும் பதியலாம்.

பத்துக் குடும்பங்கள் சேர்ந்திருக்கிறோம். நகரசபை இனத்துவேசத்துக்கு எதிராக ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்று கேட்கப் போகிறோம். எங்கிருந்து தொடங்குவது? – வாசகர், மார்க்கம்

முதலில் உங்கள் நகரசபையின் நடைமுறைத் துணைவிதியை எடுத்துப் பாருங்கள். ஒன்ராறியோவின் 2001ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டம் 238ஆம் பிரிவின்படி ஒவ்வொரு சபையும் அப்படி ஒன்றை வைத்திருந்தாக வேண்டும். ரொறன்ரோவுக்குத் தனிச் சட்டம். அங்கும் இதே மாதிரி ஒரு விதித்தொகுப்பு உண்டு. பொதுமக்கள் எங்கே பேசலாம், எத்தனை நிமிடம், எந்த நாளுக்குள் பெயர் கொடுக்க வேண்டும், உறுப்பினர் ஒருவர் பிரேரணை கொண்டுவர எத்தனை நாள் முன்னறிவித்தல் வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். ஊருக்கு ஊர் இது மாறும். ரொறன்ரோவில் முழுச் சபைக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச முடியாது, குழுக் கூட்டங்களில்தான் பேசலாம். பல சிறிய நகரங்களில் சபையிலேயே பேசலாம். இது தெரியாமல் நாற்பது பேர் பதாகையோடு போய், பேச இடமில்லை என்று கேட்டுத் திரும்பி வருவது அடிக்கடி நடக்கிறது.

துணைவிதியைப் படித்து விளங்கவில்லையென்றால், சபையின் கூட்டங்களையும் பதிவுகளையும் கவனிக்கும் அதிகாரியான கிளார்க்கின் அலுவலகத்துக்கு அழையுங்கள். கிளார்க் எந்தக் கட்சிக்காரரும் அல்லர். நடைமுறையைச் சொல்லித் தருவது அந்த அலுவலகத்தின் வேலை. “ஒரு விடயத்தைச் சபையின் நிகழ்ச்சி நிரலில் கொண்டுவர விரும்புகிறோம், எங்களுக்கு என்ன வழிகள் உண்டு?” என்று கேட்டால் பொறுமையாகச் சொல்வார்கள்.

பொதுமக்கள் பேசலாம், எழுதலாம். ஆனால் பிரேரணையைக் கொண்டுவர ஓர் உறுப்பினரால்தான் முடியும். வழிமொழிய இன்னொருவரும் வேண்டும். ஆகவே கூட்டத்துக்கு முன்பே இரண்டு பேரைப் பிடிக்க வேண்டும். தமிழ் உறுப்பினர் ஒருவர் இருந்தால் அவரிடம் போவது இயல்பு. ஆனால் வழிமொழிபவர் வேறு சமூகத்தவராக, முடிந்தால் வேறு வட்டாரத்தவராக இருக்கட்டும். “இது அவர்களுடைய பிரச்சினை” என்று மற்றவர்கள் ஒதுங்குவதற்கு இடம் இருக்காது. வாக்கு எண்ணிக்கையையும் முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். 13 பேர் கொண்ட சபையென்றால் 7 வேண்டும். ஒவ்வொருவரையும் அவருடைய வட்டாரத்தில் வசிக்கும் ஒருவர் சந்திக்க வேண்டும். வேறு வட்டாரத்துக்காரர் அனுப்பும் மின்னஞ்சலை உறுப்பினர்கள் பெரிதாக எடுப்பதில்லை.

அடுத்தது வரைவு. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வழக்கமாக எழுதப்படுவது இப்படி இருக்கும்:

“இந்நகரசபை எல்லாவித இனத்துவேசத்தையும் வன்மையாகக் கண்டிக்கிறது, பன்முகத்தன்மையைப் போற்றுகிறது.”

இதற்கு ஒருவரும் எதிராக வாக்களிக்க மாட்டார்கள். காரணம், இது யாரிடமும் எதையும் கேட்கவில்லை. இதைச் செய்ய ஓர் அதிகாரியும் இல்லை, ஒரு சதமும் இல்லை, ஒரு திகதியும் இல்லை. கண்டனம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சறுக்குமரத்தில் தன் தோலைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்த பிள்ளைக்கு, ஊரை ஆளும் சபை வாய் திறந்து “இது தவறு” என்று சொல்வது பெரிய விடயம். அதற்குப் பிறகு இப்படியான வரிகள் வர வேண்டும்:

“நகரின் சொத்துகளில் காணப்படும் வெறுப்பு எழுத்துகளை, அறிவித்த 24 மணிநேரத்துக்குள் படமெடுத்துப் பதிந்து அகற்றுவதற்கான நடைமுறையைப் பூங்காத் துறைப் பணிப்பாளர் வகுக்க வேண்டும்.

நகரசபையின் சேவை இலக்கத்துக்கு வரும் இனப்பாகுபாட்டு முறைப்பாடுகளுக்குத் தனிக் குறியீடு ஏற்படுத்தி, எண்ணிக்கையை ஆண்டுதோறும் பொது அறிக்கையாக வெளியிட வேண்டும்.

இவற்றுக்கான செலவு மதிப்பீட்டோடு, அடுத்த வரவுசெலவுத் திட்டம் தயாராகும் முன், அதிகாரிகள் சபைக்கு அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும்.”

யார், எதை, எப்போதைக்குள் என்ற மூன்றும் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு ஐந்து வரிக்கு மேல் கேட்காதீர்கள். இருபது கேட்டால், இலகுவான மூன்றைச் செய்துவிட்டு “பெரும்பாலும் நிறைவேற்றிவிட்டோம்” என்பார்கள். தமிழில் யோசித்து எழுதிக்கொண்டு, ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குள் கொடுங்கள். உறுப்பினரின் உதவியாளர் அதைச் சபையின் அமைப்புக்கு மாற்றிக்கொள்வார். மாற்றிய பிரதியைக் கட்டாயம் கேட்டு வாங்கிப் படியுங்கள். “வகுக்க வேண்டும்” என்றிருந்தது “வகுப்பது பற்றிப் பரிசீலிக்கலாம்” என்று மாறியிருக்கக்கூடும்.

கூட்டத்தன்று ஒரு சொல்லுக்குக் காது கொடுங்கள். உங்கள் கடிதமோ அறிக்கையோ ‘ரிசீவ்’ செய்யப்பட்டது என்றால் சபை அதைப் பெற்றுக்கொண்டது, அவ்வளவுதான். அதன்பின் யாரும் எதுவும் செய்யத் தேவையில்லை. வெளியே வந்து கைகுலுக்கிப் படமெடுத்துக்கொண்டவர்கள் பலர், தங்கள் கோரிக்கை அந்த நிமிடமே கோப்புக்குள் போய்விட்டதை மாதங்கள் கழித்தே அறிந்திருக்கிறார்கள். ‘அடொப்ட்’ என்றால் ஏற்றுக்கொண்டது. ‘ரெஃபர்’ என்றால் அதிகாரிகளுக்கோ குழுவுக்கோ அனுப்பியது. அப்போது திரும்பி வரும் திகதியைக் குறிக்கச் சொல்லுங்கள். திகதி இல்லாத ‘ரெஃபர்’ கிணற்றில் போட்ட கல்.

பெயர்பதிவு வாக்கெடுப்பையும் கேட்டு வைக்கும்படி உங்கள் உறுப்பினரிடம் முன்பே சொல்லுங்கள். வாக்கெடுப்புக்குச் சற்று முன்னரோ உடன் பின்னரோ ஓர் உறுப்பினர் கேட்டாலே போதும். மாநகராட்சிச் சட்டத்தின் 246ஆம் பிரிவின்படி ஒவ்வொருவரும் தன் வாக்கை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், கிளார்க் அதைப் பெயரோடு பதிய வேண்டும்.

“பொலிஸும் பாடசாலையும் எங்கள் கையில் இல்லை, மாகாணத்திடம் போங்கள்” என்று எங்கள் உறுப்பினர் சொல்கிறார். உண்மையா? – வாசகர், பிக்கறிங்

பாதி உண்மை. உங்கள் ஊரில் இரண்டு அடுக்கு ஆட்சி இருக்கிறது. பூங்கா, சமூக நிலையம், துணைவிதி அமுலாக்கம் எல்லாம் பிக்கறிங் நகரசபையிடம். பேருந்து, சமூக வீடமைப்பு, பொதுச் சுகாதாரம், பொலிஸ் ஆகியவை டர்ஹம் பிராந்தியத்திடம். மார்க்கம் என்றால் யோர்க் பிராந்தியம், பிரம்ப்டன், மிசிசாகா என்றால் பீல். ரொறன்ரோ ஒற்றை அடுக்கு. பாடசாலைகளுக்குத் தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கல்விச்சபை இருக்கிறது. அங்கே நீங்கள் பார்க்க வேண்டியவர் ட்ரஸ்டி, அதாவது கல்விச்சபை உறுப்பினர். நூலகத்துக்கும் தனிச் சபை உண்டு. இடம் மாறிப் போனால் மூன்று மாதம் வீணாகும்.

பொலிஸ் விடயத்தில், எந்தச் சபையும் “இவரை விசாரி, இவரை விடு” என்று கட்டளையிட முடியாது. அது நல்லதும்கூட. ஆனால் பொலிஸை மேற்பார்வை செய்யும் பொலிஸ் சேவைச் சபையில் நகர அல்லது பிராந்திய சபையின் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். பொலிஸின் மொத்த வரவுசெலவுத் தொகையும் அந்த நகர அல்லது பிராந்திய சபையிடம்தான் வருகிறது. தனித்தனி வரிகளை வெட்ட அதிகாரம் இல்லை, கேள்வி கேட்க அதிகாரம் உண்டு. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள சமூகப் பாதுகாப்பு, பொலிஸ் பணிச் சட்டத்தின் கீழ் நகராட்சியோ பிராந்தியமோ சமூகப் பாதுகாப்பு நல்வாழ்வுத் திட்டம் ஒன்றும் வகுத்திருக்க வேண்டும். உங்கள் ஊருக்கான திட்டத்தை எடுத்து, அதில் இனத்துவேசம் பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். பொத்தாம்பொதுவான ஒரு வசனம் மட்டும் இருந்தால், அடுத்த திருத்தத்தில் அளவுகோலோடு சேர்க்கும்படி கேட்கலாம். இந்தத் திட்டம் ஒன்று இருப்பதே பல குடியிருப்பாளர்களுக்குத் தெரியாது. அதனால் ஆலோசனைக் கூட்டங்களில் கதிரைகள் காலியாகக் கிடக்கின்றன. நல்ல வாய்ப்பு அது, விடாதீர்கள்.

சபையின் கையிலேயே முழுதாக இருப்பவையும் நிறைய: யாரை வேலைக்கு எடுக்கிறது, யாருக்கு ஒப்பந்தம் கொடுக்கிறது, மண்டபங்களை என்ன விதியில் வாடகைக்கு விடுகிறது, துணைவிதி அதிகாரிகள் எந்தத் தெருவில் அதிகம் தண்டப்பணம் எழுதுகிறார்கள் என்பதெல்லாம்.

உறுப்பினர் இன்னும் தயங்கினால், கனடாவின் ‘அனைவரையும் உள்ளடக்கும் நகரங்களின் கூட்டமைப்பு’ பற்றிக் கேளுங்கள். யுனெஸ்கோவுக்கான கனடிய ஆணைக்குழு 2005இல் அதைத் தொடங்கியது, இனத்துவேசத்துக்கும் பாகுபாட்டுக்கும் எதிரான நகரங்கள் என்பதே அதன் பழைய பெயர். சேரும் நகரம் 10 பொது உறுதிமொழிகளை ஏற்கிறது. பாகுபாட்டைக் கண்காணிப்பது, பாதிக்கப்பட்டவருக்குத் தகவலும் ஆதரவும் தருவது, வேலைவாய்ப்பிலும் வீடமைப்பிலும் பாகுபாட்டை எதிர்ப்பது எல்லாம் அதில் உண்டு. உங்கள் நகரம் அதில் ஏற்கெனவே இருக்கலாம். இருந்தால் வேலை இன்னும் சுலபம். “நீங்கள் கையெழுத்திட்ட பத்தில் எத்தனை செய்தீர்கள்?” என்று கேட்டால் போதும்.

குழுக் கூட்டத்தில் பேச எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். எனக்குக் குடியுரிமை இன்னும் கிடைக்கவில்லை, நிரந்தர வதிவுரிமைதான். ஆங்கிலமும் தடுமாறும். பேசலாமா? – வாசகி, ஸ்காபரோ

தாராளமாகப் பேசலாம். வாக்களிக்கத்தான் குடியுரிமை வேண்டும். பேசவும் எழுதவும் மனுக்கொடுக்கவும் அங்கே குடியிருப்பதே போதும்.

ஐந்து நிமிடம் என்பது நிதானமாகப் பேசினால் ஆங்கிலத்தில் ஏறக்குறைய 600 சொல். நீங்கள் 450 எழுதுங்கள். நெஞ்சு படபடக்கும்போது இடையில் மூச்செடுக்க அந்த இடைவெளி வேண்டும். முதல் வரியில் பெயர், எந்த வட்டாரம், எத்தனை ஆண்டாக வசிக்கிறீர்கள், நிகழ்ச்சி நிரலில் எத்தனையாவது விடயம். இரண்டாவது வரியிலேயே என்ன கேட்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். கடைசிக்கு வைத்திருந்தால், தலைவர் மணி அடிக்கும்போது நீங்கள் இன்னும் முன்கதையில் நிற்பீர்கள். பிறகு ஒரே ஒரு சம்பவம், திகதியும் இடமும் பொலிஸ் இலக்கமும் சேர்த்து. பேருந்தில் நடந்தது, கடையில் நடந்தது, வேலையிடத்தில் நடந்தது என்று ஐந்தைச் சொன்னால் ஒன்றும் மனதில் நிற்காது. கடைசி ஒரு நிமிடத்தில் கோரிக்கையை மறுபடி, வரைவில் உள்ள அதே சொற்களில்.

பேசி முடித்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள். உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம், அந்த நேரம் உங்கள் ஐந்து நிமிடத்தில் சேராது. இதைத் தெரிந்தவர்கள், ஆதரவான உறுப்பினரிடம் “என்னிடம் இதைக் கேளுங்கள்” என்று முன்பே சொல்லி வைப்பார்கள். சொல்ல நேரமில்லாமல் போன விடயம் கேள்வியின் வழியாகப் பதிவாகிவிடும்.

மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா, மொழிபெயர்ப்புக்கு மேலதிக நேரம் தருவார்களா என்று கிளார்க்கிடம் ஒரு வாரம் முன்பே கேளுங்கள். இல்லையென்றால் முதல் இரண்டு வாக்கியத்தைத் தமிழில் நீங்களே சொல்லி, மிச்சத்தை மகளோ நண்பரோ வாசிக்கட்டும். எழுத்துப் பிரதியைக் கிளார்க்குக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். குரல் தழுதழுத்து நின்றுவிட்டாலும் சொன்னது பதிவில் இருக்கும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. கூட்டங்கள் பெரும்பாலும் நேரலையில் போகும், பதிவும் இணையத்தில் இருக்கும். அனுப்பும் கடிதமும் பொது ஆவணமாகிவிடும். வீட்டு முகவரி, பிள்ளையின் பெயர், படிக்கும் பாடசாலை ஆகியவற்றைச் சொல்லாதீர்கள். “என் பத்து வயது மகன்” என்றால் போதும். சந்தி பெயரைச் சொல்லலாம், கதவிலக்கம் வேண்டாம்.

இணையத்தில் 2000 கையெழுத்துச் சேர்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ஏன்? – வாசகர், பிரம்ப்டன்

அந்த 2000 பேரில் உங்கள் ஊரில் இருப்பவர் எத்தனை பேர்? மொன்றியலிலும் லண்டனிலும் இருக்கும் உறவினர்கள் அன்போடு போட்ட கையெழுத்துக்கு உங்கள் நகரசபையில் எடை இல்லை. அஞ்சல் குறியீட்டோடு, வட்டார வாரியாகப் பிரித்த 150 கையெழுத்து இதைவிடக் கனதியானது. தாளில் எடுப்பதானால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கோரிக்கை முழுவதும் அச்சாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால், முதல் பக்கத்தை மட்டும் பார்த்துத்தான் எல்லோரும் கையெழுத்திட்டார்களா என்ற சந்தேகம் வரும். மனு பொது ஆவணமாகும் என்பதை அந்தத் தாளிலேயே சிறிய எழுத்தில் எழுதிவிடுங்கள், கையெழுத்திடுபவர் தெரிந்துகொண்டு இடட்டும். மனுவை உறுப்பினரின் கையில் மட்டும் கொடுத்துப் படமெடுத்துக்கொள்ளாமல், கிளார்க்கிடம் பதிந்து திகதி முத்திரை வாங்குங்கள்.

இரண்டு ஆண்டுக்கு முன் எங்கள் சபை ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. பிறகு ஒரு மூச்சும் இல்லை. – வாசகர், மார்க்கம்

முதலில் கூட்டக் குறிப்பில் தீர்மானத்தின் சரியான சொற்களைப் பாருங்கள். அதிகாரிகள் திரும்ப அறிக்கை தர வேண்டும் என்றிருந்தால், “அந்த அறிக்கை எப்போது வருகிறது?” என்று கிளார்க்குக்கு ஒரு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். இந்த ஒரு வரியே சில நேரம் உறங்கும் கோப்பை எழுப்பிவிடும்.

பதில் வராவிட்டால், நகராட்சிகளுக்கான தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். விண்ணப்பக் கட்டணம் 5 டொலர். பொதுவாக 30 நாளில் பதில் தர வேண்டும். “இனத்துவேசம் தொடர்பான எல்லா ஆவணங்களும்” என்று கேட்டால், தேடும் நேரத்துக்கும் பிரதிக்கும் பெரிய தொகை எழுதி அனுப்புவார்கள். காலத்தையும் துறையையும் சுருக்குங்கள்: “இந்தத் திகதிக்கும் அந்தத் திகதிக்கும் இடையில் பூங்காத் துறைக்கு வந்த வெறுப்பு எழுத்து முறைப்பாடுகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றையும் அகற்ற எடுத்த நாள்கள்.” தனிநபர் பெயர்களை மறைத்துத் தருவார்கள். உங்களுக்கும் அவை வேண்டியதில்லை.

அநேகமாகக் கிடைக்கப்போகும் பதில் “நிதி ஒதுக்கவில்லை” என்பதுதான். ஆகவே வரவுசெலவுத் திட்ட நாள்காட்டியைப் பின்பற்றுங்கள். மேயருக்குக் கூடுதல் அதிகாரம் தரும் ‘ஸ்ட்ரோங் மேயர்’ முறை உள்ள நகரங்களில், உங்கள் மார்க்கமும் அதில் ஒன்று, மேயர் பெப்ரவரி 1க்குள் வரவுசெலவுத் திட்டத்தை முன்வைக்க வேண்டும். அதன்பின் திருத்தம் கொண்டுவரச் சபைக்கு 30 நாள் உண்டு. ஜனவரியில் போய்ப் பேசினால் அரைக்கதவு திறந்திருக்கும். செப்ரெம்பரில் அதிகாரிகள் கணக்குப் போடத் தொடங்கும்போதே போனால் முழுக்கதவும் திறந்திருக்கும்.

எப்படி எழுதப்பட்டால் தீர்மானம் காகிதத்தில் நின்றுவிடாது என்பதற்கு ரொறன்ரோவைப் பாருங்கள். கறுப்பின மக்களுக்கு எதிரான இனத்துவேசத்தை எதிர்கொள்ளும் செயற்திட்டத்தை 2017 டிசெம்பரில் அந்தச் சபை ஏற்றபோது, அதில் 22 பரிந்துரைகளும் 80 செயல்களும் இருந்தன. அதை நடத்த நகர நிர்வாகத்துக்குள்ளேயே ஒரு பிரிவும் அமைத்தார்கள். எல்லாம் நடந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் இலக்கமிட்ட செயல்களும், பதில் சொல்ல ஒரு மேசையும் இருக்கும்போது, கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. கறுப்பினச் சமூகத்தினர் பல பத்தாண்டுகளாக அறிக்கை மேல் அறிக்கையாக எழுதிப் போராடியதால் வந்தது அது. நாம் இன்று பயன்படுத்தும் பல கதவுகளை அவர்கள்தான் திறந்தார்கள்.

உறுப்பினர் ஒருவரே குடியேறியவர்களைப் பற்றி இழிவாகப் பேசினால்? – வாசகர், ஒஷாவா

2019 மார்ச் 1 முதல் ஒவ்வொரு நகராட்சியிலும் உறுப்பினர்களுக்கான நடத்தைக் கோவையும், நேர்மை ஆணையர் சேவையும் இருக்க வேண்டும் என்பது சட்டம். முறைப்பாட்டை ஆணையரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். பேச்சின் காணொளி, எந்த நிமிடம் என்ற குறிப்பு, கோவையின் எந்த விதியை மீறியது என்ற மூன்றும் வேண்டும். விதி எண்ணைக் காட்டாத முறைப்பாடு முதல் சல்லடையிலேயே விழுந்துவிடலாம்.

ஆணையர் மீறல் என்று கண்டால், கண்டனமோ 90 நாள் வரையான சம்பள நிறுத்தமோ விதிக்கலாம். ஆனால் அதை விதிப்பது சபையின் வாக்கு. எனவே அந்தக் கூட்டத்துக்கும் ஆள் சேர்த்துப் போக வேண்டும். தேர்தல் ஆண்டில் வேட்புமனு முடியும் நாளிலிருந்து வாக்களிப்பு நாள்வரை இந்த விசாரணையைக் கோர முடியாது. 2026ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு அது ஓகஸ்ட் 21 முதல் ஒக்டோபர் 26 வரை. தொடங்கி முடியாத விசாரணையும் வேட்புமனு முடியும் நாளோடு நின்றுவிடும். வாக்களிப்புக்குப் பின் ஆறு வாரத்துக்குள் மறுபடி கேட்டால்தான் தொடரலாம். நிறைவேறாத பிரேரணைகளும் அப்படித்தான், அவை புதிய சபைக்குத் தானாகப் போகும் என்று நம்பியிருக்காதீர்கள்.

தமிழர் என்று தெரிந்ததும் வீடு வாடகைக்கு இல்லை என்றார் ஒருவர். நகரசபையிடம் முறையிடலாமா? – வாசகர், மிசிசாகா

இது நகரசபைக்குரியதல்ல. ஒன்ராறியோ மனித உரிமைகள் நியாயசபைக்குப் போங்கள். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பல சம்பவங்கள் தொடராக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து ஒரு வருடம். மனித உரிமைகள் சட்ட உதவி நிலையம் இலவசமாக ஆலோசனை தரும். குறுஞ்செய்திகளையும் விளம்பரத்தையும் இன்றே படமெடுத்து வையுங்கள், விளம்பரம் நாளைக்கு இருக்காது.

நம் ஆட்களே கறுப்பின மக்களைப் பற்றித் தரக்குறைவாகப் பேசுகிறார்கள், கலியாணப் பேச்சில் சாதி கேட்கிறார்கள். இந்த நிலையில் நகரசபையிடம் போய் இனத்துவேசம் என்று முறையிட நமக்கு முகம் இருக்கிறதா? – வாசகி, ஸ்காபரோ

இருக்கிறது, ஆனால் உங்கள் கேள்வியையும் கூடவே கொண்டுபோக வேண்டும். “தமிழருக்கு எதிரான” என்று மட்டும் வரைவை எழுதாதீர்கள். உங்கள் ஊரிலுள்ள கறுப்பினச் சமூக அமைப்பையும், முதற்குடி மக்களின் அமைப்பையும், பள்ளிவாசலையும், சீனச் சமூக நிலையத்தையும் வரைவு எழுதும் முன்பே போய்ப் பாருங்கள். எழுதி முடித்துவிட்டுக் கையெழுத்துக் கேட்டுப் போவது மரியாதையாகாது. அவர்கள் ஏற்கெனவே ஒரு கோரிக்கையை நடத்திக்கொண்டிருந்தால், அதில் நீங்கள் சேர்ந்துகொள்வதே நல்லது.

சாதியையும் வரைவில் பெயர் சொல்லி எழுதுங்கள். புதிதாக நீங்கள் கண்டுபிடித்துச் சொல்வதாக யாரும் நினைக்க மாட்டார்கள். 2023 பெப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரசபை, சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டத்தை 6க்கு 1 என்ற வாக்கில் நிறைவேற்றியது. அந்த நாட்டில் அப்படிச் செய்த முதல் நகரம் அதுதான். அடுத்த மாதமே ரொறன்ரோ மாவட்டக் கல்விச்சபை சாதி ஒடுக்குமுறை பற்றிய பிரேரணையை ஏற்று, மனித உரிமைகள் ஆணையத்தின் உதவியைக் கேட்டது. ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணையம் அதே ஆண்டு ஒக்டோபரில் தன் நிலைப்பாட்டை வெளியிட்டது. வம்சாவளி, சமய நம்பிக்கை, நிறம், இனம், இனக்குழுத் தோற்றம், பிறந்த இடம் என்று சட்டத்தில் ஏற்கெனவே உள்ள காரணங்களின் கீழ் சாதிப் பாகுபாடும் அடங்கும் என்பது அதன் சாரம். நகரசபைக்கான வரைவில் “மனித உரிமைகள் ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு நிலைப்பாட்டுக்கு இணங்க, நகர ஊழியர்களுக்கான பாகுபாட்டு எதிர்ப்புப் பயிற்சியில் சாதியையும் சேர்க்க வேண்டும்” என்று ஒரு வரி போதும்.

இதற்கு எதிர்ப்பு நம் மண்டபங்களிலிருந்தே வரும். “இங்கே அதெல்லாம் இல்லை, ஏன் வெளியே காட்டிக்கொடுக்கிறீர்கள்” என்பார்கள். கலியாணத் தரகரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி என்னவென்று அவர்களுக்கும் தெரியும். அந்த வரியை எடுத்துவிட்டால் ஆதரவு தருகிறோம் என்று யாராவது பேரம் பேசினால், விட்டுக்கொடுக்காதீர்கள்.